சம்மன் சார்வு: பேட்டா கட்டுவதிலிருந்து தீர்ப்பு நிலைப்பது வரை

எந்த வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தாலும் நான் முதலில் தேடிப் பிடிப்பது சம்மனின் பின்பக்கத்தைத்தான். முன்பக்கத்தில் முத்திரை, வழக்கு எண், வாய்தா தேதி எல்லாம் அச்சில் இருக்கும். பின்பக்கத்தில் அமீனா, அதாவது சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்ற ஊழியர், தன் கையால் எழுதிய நான்கு வரிகள் இருக்கும். "மேற்படி விலாசத்திற்கு இன்று காலை 10.30 மணிக்குச் சென்றேன். பிரதிவாதி வெளியூர் சென்றிருப்பதாகத் தெரிவித்தார்கள். உடன் வசிக்கும் மனைவியிடம் பிரதியைக் கொடுத்துக் கையொப்பம் பெற்றேன்." கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. அந்த நான்கு வரிகள் ஒழுங்காக இருந்தால் வழக்கின் அடித்தளம் உறுதி. அதில் ஓட்டை இருந்தால், எத்தனை வருடம் கழித்து வந்த தீர்ப்பானாலும் ஒரு மனுவில் கவிழ்ந்துவிடும்.

அப்படிக் கவிழ்ந்த வழக்கு ஒன்றை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்த ஒரு விதவைத் தாய், எதிராளி வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, சொத்தை ஜப்தி செய்யும் கட்டம் வரை வந்துவிட்டார். அப்போதுதான் எதிராளி வந்து, "எனக்குச் சம்மனே வரவில்லை" என்றார். எடுத்துப் பார்த்தால், கதவில் ஒட்டியதாக ஒரே ஒரு வரி. யார் வீட்டை அடையாளம் காட்டினார்கள், யார் முன்னிலையில் ஒட்டினார்கள் என்று ஒன்றுமில்லை. தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து தொடங்கியது. அந்த அம்மாவின் பக்கம் நியாயம் இருந்தும், கடன் உண்மையாக இருந்தும், சார்வு, அதாவது சம்மனைச் சேர்ப்பித்த விதம், சரியில்லாத ஒரே காரணத்தால் அத்தனை வருடமும் வீணானது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அவருடைய முகம்தான்.

வழக்கு ஆவணத்தைச் சட்டப்படி எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிப்பதை நீதிமன்ற வட்டாரத்தில் "சார்வு செய்தல்" என்பார்கள். உரிமையியல் வழக்கில் அதற்கான விதிகள் பெரும்பாலும் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5-இல் இருக்கின்றன. 1999, 2002 திருத்தங்களுக்குப் பிறகு காலக்கெடுக்கள் இறுகிவிட்டன.

நோட்டீஸ் வேறு, சம்மன் வேறு

வழக்கறிஞர் அனுப்பும் நோட்டீஸ், வழக்குக்கு முந்தைய கடிதம். நீதிமன்றம் அனுப்புவது சம்மன். நோட்டீஸுக்குப் பதில் போடாவிட்டால் உடனே தீர்ப்பு வந்துவிடாது. சம்மனை அலட்சியம் செய்தால் வந்துவிடும். ஆனால் சில வழக்குகளுக்கு நோட்டீஸ்தான் வாசற்படி. அரசு மீது வழக்குப் போடுவதென்றால் பிரிவு 80-இன்படி நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அவசர நிவாரணம் தேவைப்பட்டால் நீதிமன்ற அனுமதியுடன் விலக்குப் பெறலாம். மாத வாடகைக் குத்தகையை முடிக்கச் சொத்து மாற்றச் சட்டம் 106-ஆம் பிரிவு 15 நாள் நோட்டீஸ் கேட்கிறது.

காசோலை வழக்கில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. காசோலை திரும்பியதாக வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அது முடிந்ததும் 1 மாதத்திற்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இதில் முதல் 30 நாளைத் தவறவிட்டு வருகிறவர்கள் அதிகம். "நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்" என்பார்கள். பேசுங்கள், ஆனால் நோட்டீஸைத் தபாலில் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

முதல் படி: விலாசம்

சார்வில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை விலாசத்தில்தான் தொடங்குகின்றன. ரேஷன் கார்டில் ஒரு விலாசம், பத்திரத்தில் ஒரு விலாசம், ஆள் இருப்பது மூன்றாவது இடம். பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) எழுதும் முன்பே பிரதிவாதி இப்போது எங்கே உறங்கி எழுகிறார் என்பதைக் கண்டுபிடியுங்கள். கதவு எண்ணில் புதியது, பழையது இரண்டையும் போடுங்கள். தெருவின் பெயர், குறுக்குத் தெரு, அஞ்சல் குறியீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், பக்கத்தில் கோயிலோ பள்ளியோ இருந்தால் அதன் அடையாளம் எல்லாம் எழுதுங்கள். அமீனாவுக்கு அந்தத் தெரு புதிதாக இருக்கலாம். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் ஊர்களில் தந்தை பெயர் இல்லாத சம்மன் தவறான வீட்டுக்குப் போகும்.

வேலை செய்யும் இடம், கடை, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றையும் திரட்டி வையுங்கள். கட்டளை 6, விதி 14ஏ இரு தரப்பினரும் தங்கள் விலாசத்தை முறையாகத் தாக்கல் செய்யவேண்டும் என்கிறது. நடுவில் வீடு மாறினால் அதையும் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாதிக்கும் இது பொருந்தும்.

பிரதிவாதி உயிருடன் இருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பச் சொத்து வழக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. வழக்குப் போடும் முன்பே இறந்தவர் மீது போட்ட வழக்கு அவரைப் பொறுத்தவரை செல்லாது. வழக்கு நடக்கும்போது இறந்தால், இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். "இறந்துவிட்டார்" என்ற குறிப்புடன் சம்மன் திரும்பி வந்தால் அன்றைக்கே இறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்குங்கள். அந்த 90 நாள் சம்மன் திரும்பிய நாளிலிருந்து ஓடுவதில்லை.

இரண்டாம் படி: பேட்டா

வழக்கு எண்ணிடப்பட்டுச் சம்மன் அனுப்ப உத்தரவானதும், கட்டளை 7, விதி 9-இன்படி 7 நாளுக்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். எத்தனை பிரதிவாதிகளோ அத்தனை பிராது நகல்கள் கொடுக்க வேண்டும். சார்வுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இதைத்தான் நம் நீதிமன்றங்களில் "பேட்டா கட்டுதல்" என்கிறோம். பேட்டா மெமோவில் பிரதிவாதியின் பெயரும் விலாசமும் பிராதில் இருப்பதுபோலவே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். சம்மன் இந்த மெமோவைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது.

பேட்டா கட்டாமல் விட்டால் கட்டளை 9, விதி 2-இன்படி வழக்கையே தள்ளுபடி செய்யலாம். புதிதாக வழக்குப் போட உரிமை உண்டு, ஆனால் காலவரம்பு அதற்குள் தாண்டியிருந்தால் அந்த உரிமையால் பயனில்லை. வக்கீல் அலுவலகத்தில் கேட்டு, "பேட்டா கட்டியாயிற்றா?" என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செலவு எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். முதலாவது சார்வுக் கட்டணம். அந்தந்த உயர் நீதிமன்ற விதிகள் இதை நிர்ணயிக்கின்றன, ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு பிரதிவாதிக்கும் தனித்தனியாகக் கணக்காகும். இரண்டாவது தபால் செலவு. மூன்றாவது நகல் எடுக்கும் செலவு. 60 பக்கப் பிராதும் ஆவணங்களும் 8 பிரதிவாதிகளுக்கு என்றால் 480 பக்கம் என்பதை மனதில் வையுங்கள். நான்காவதாகப் பத்திரிகை விளம்பரம் வந்தால், மற்ற மூன்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஆயிரங்களில் போகும். தெரிவித்த விலாசத்தில் ஒரே முயற்சியில் சார்வு முடிந்தால் முதல் மூன்றோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மீண்டும் பேட்டா கட்ட வேண்டும்.

பணவசதி இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. கட்டளை 33-இன் கீழ் வறியவராக வழக்காட அனுமதி கிடைத்தால் நீதிமன்றக் கட்டணத்தோடு சார்வுக் கட்டணமும் விலக்காகும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இலவச சட்ட உதவியை உரிமையாகவே தருகிறது. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. மேலே சொன்ன அந்த அம்மாவுக்கு இது யாரும் சொல்லவில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், போய்க் கேளுங்கள்.

வெற்றி பெற்றால் இந்தச் செலவுகளைத் தீர்ப்பின் செலவுத் தொகையில் கோரலாம். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: அமீனாவின் வழி

பிரதிவாதி அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருந்தால், சம்மன் நாசர் பிரிவு (சார்வு வேலையைக் கவனிக்கும் நீதிமன்றப் பிரிவு) வழியாக அமீனாவின் கைக்குப் போகிறது. அவர் கொடுக்கும் பிரதியில் நீதிபதி அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். கூடவே பிராதின் நகல் இருக்க வேண்டும். நகல் இல்லாத சம்மன் அரைகுறைச் சார்வு.

முதலில் அவர் பிரதிவாதியையே நேரில் பார்க்க முயல வேண்டும். பிரதிவாதிக்கு அதிகாரம் பெற்ற முகவர் இருந்தால் அவரிடம் கொடுக்கலாம். பிரதிவாதி வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் வருவார் என்றும் தோன்றவில்லை, முகவரும் இல்லை என்றால்தான் கட்டளை 5-இன் விதி 15 திறக்கிறது. அப்போது உடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினர் எவரிடமும் கொடுக்கலாம். ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று விதியே விளக்கம் சொல்கிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனரும், கீழ்வீட்டுக் குடித்தனக்காரரும் இந்த விதிக்குள் வரமாட்டார்கள். "உடன் வசிக்கும்" என்ற சொல்லை அமீனா தன் குறிப்பில் எழுதியிருக்கிறாரா என்று நான் எப்போதும் பார்ப்பது இதனால்தான்.

வாங்கியவர் அசல் சம்மனில் கையொப்பமிட வேண்டும். அமீனா நேரத்தையும் முறையையும் எழுதி, அடையாளம் காட்டியவர் இருந்தால் அவருடைய பெயரையும் விலாசத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்.

வாங்க மறுத்தால், அல்லது தக்க முயற்சிக்குப் பிறகும் ஆளைக் காண முடியாவிட்டால், விதி 17-இன்படி வீட்டின் வெளிக்கதவிலோ எல்லோரும் காணும் இடத்திலோ பிரதியை ஒட்ட வேண்டும். ஒட்டிய சூழ்நிலை என்ன, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்ற மூன்றையும் அறிக்கையில் எழுத வேண்டும். ஒருமுறை போய், வீடு பூட்டியிருக்கிறது என்று உடனே ஒட்டிவிட்டு வருவது "தக்க முயற்சி" ஆகாது. அந்த அறிக்கை அமீனாவின் பிரமாண வாக்குமூலத்தோடு இல்லாவிட்டால், நீதிமன்றம் அவரைக் கட்டாயம் விசாரித்தே சார்வை ஏற்க வேண்டும் என்கிறது விதி 19. 2018-இல் நீர்ஜா ரியல்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகள் ஒழுங்காகப் பின்பற்றப்படாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பையே ரத்து செய்தது.

இங்கே வாதி சும்மா இருக்க வேண்டியதில்லை. அமீனா போகும் நாளில் வீட்டை அடையாளம் காட்ட உங்கள் தரப்பில் ஒருவர் போகலாம். போகிறவர் வீட்டைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வாக்குவாதம் கூடாது. இப்போது பல மாவட்டங்களில் மின்நீதிமன்றத் திட்டத்தின் என்ஸ்டெப் செயலியில் அமீனா இருப்பிடப் பதிவோடு சார்வைப் பதிவேற்றுகிறார். பொய்யான அறிக்கைக்கு இது நல்ல கடிவாளம்.

நான்காம் படி: தபால்

கட்டளை 5-இன் விதி 9 நீதிமன்றத்துக்குப் பல வழிகளைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், விரைவுத் தபால், நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர், ஃபேக்ஸ், மின்னஞ்சல் எல்லாம் அதில் அடக்கம். 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டதால், அஞ்சலகத்தில் ஒப்புகையுடன் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

திரும்பி வரும் உறையில் தபால்காரர் எழுதும் இரண்டு சொல் வழக்கின் போக்கையே மாற்றும். "வாங்க மறுப்பு" என்று இருந்தால் சார்வானதாகவே நீதிமன்றம் அறிவிக்கும். "கதவு பூட்டியுள்ளது, அறிவிப்பு கொடுக்கப்பட்டது" என்று பல நாள் தேதி வரிசையாக எழுதி, கடைசியில் "கேட்டுப் பெறவில்லை" என்று வந்தால், விலாசம் சரியானது என்று காட்டினால் சார்வாகக் கொள்ளும் வாய்ப்பு அதிகம். 1897-ஆம் ஆண்டு பொதுக் கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாக ஊகிக்க இடம் தருகிறது. ஆனால் "விலாசத்தில் அப்படி யாருமில்லை", "வீடு மாறிச் சென்றுவிட்டார்" என்று வந்தால் சார்வு இல்லை. புதிய விலாசம் தேட வேண்டியதுதான். அந்த உறையைக் கிழிக்காமல், பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள்.

ஒப்புகை அட்டை தொலைந்தாலோ, சம்மன் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் வராவிட்டாலோ, சரியான விலாசத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பியது உறுதியானால் நீதிமன்றம் சார்வானதாக அறிவிக்கும். கூரியர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே, கூரியர்கள் பொய்யான அறிக்கை கொடுக்கும் அபாயத்தை உயர் நீதிமன்றங்கள் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்தது.

மூன்றாவதாக, சம்மனை வாதியே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கும் வழி விதி 9ஏ-இல் உண்டு. வடக்கே தஸ்தி என்பார்கள், இங்கே பிரைவேட் நோட்டீஸ் என்ற பெயரில் ஓடுகிறது. நீதிமன்ற அனுமதி வேண்டும், கொடுத்ததற்குக் கையொப்பம் வேண்டும். மறுத்தால் நீங்கள் ஒட்ட முடியாது. நீதிமன்றத்துக்குத் திரும்பி மீண்டும் சம்மன் கேட்க வேண்டும். குடும்பப் பகை உள்ள வழக்கில் இதைக் கையிலெடுக்காதீர்கள். இரண்டு வழியில் ஒரே நேரத்தில், அமீனா மூலமும் தபாலிலும், அனுப்பக் கேட்பதே என் பழக்கம். கூடுதல் செலவு சொற்பம், ஒன்று தவறினால் இன்னொன்று நிற்கும்.

சம்மன் திரும்பினால் 7 நாள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்தக் கெடு பலருக்குத் தெரியாது. சார்வாகாமல் சம்மன் திரும்பிய நாளிலிருந்து 7 நாளுக்குள் புதிய சம்மனுக்கு வாதி விண்ணப்பிக்காவிட்டால், கட்டளை 9, விதி 5-இன்படி அந்தப் பிரதிவாதியைப் பொறுத்தவரை வழக்கு தள்ளுபடியாகும். விலாசம் தேடியும் கிடைக்கவில்லை, அவர் ஒளிந்து திரிகிறார், அல்லது வேறு போதிய காரணம் உண்டு என்று காட்டினால் நீதிமன்றம் அவகாசம் தரலாம். முன்பு இந்தக் கெடு 1 மாதமாக இருந்தது. மின்நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்)ப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன பதிவானது என்பது தெரியும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

கடைசி வழி: நீதிமன்றப் பலகையும் பத்திரிகையும்

பிரதிவாதி வேண்டுமென்றே தப்பிக்கிறார், அல்லது வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சார்வு செய்ய முடியவில்லை என்று நீதிமன்றம் நம்பினால் மட்டுமே கட்டளை 5-இன் விதி 20 வரும். நீதிமன்றத்திலும் அவர் கடைசியாக வசித்த வீட்டிலும் ஒட்டலாம், வேறு தக்க முறையையும் உத்தரவிடலாம். பத்திரிகை விளம்பரம் என்றால் அவர் கடைசியாக வசித்த, தொழில் செய்த, அல்லது வேலை பார்த்த பகுதியில் புழங்கும் நாளிதழாக இருக்க வேண்டும். தென்காசிக்காரருக்குச் சென்னைப் பதிப்பில் மட்டும் விளம்பரம் போட்டுப் பயனில்லை. ஒரு மனுவும், அதுவரை செய்த முயற்சிகளைத் தேதிவாரியாகச் சொல்லும் பிரமாண வாக்குமூலமும் வேண்டும். விளம்பரம் வந்த முழுப் பக்கத்தையும் தாக்கல் செய்யுங்கள். கத்தரித்த துண்டு போதாது.

இந்த வழி எளிது என்று நினைத்து முதலிலேயே கேட்கிறவர்கள் உண்டு. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். சட்டப்படி விளம்பரச் சார்வு நேரடிச் சார்வுக்குச் சமம். ஆனால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் காலக்கணக்கில் அது சமமாகாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய, காலவரம்புச் சட்டத்தின் 123-ஆம் இனம் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் தருகிறது. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். விதி 20 சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகக் கொள்ளக்கூடாது என்று அந்த இனமே விளக்கம் சொல்கிறது. அதாவது 5 வருடம் கழித்து ஒருவர் வந்து "நேற்றுத்தான் தெரிந்தது" என்று சொல்ல வழி திறந்தே இருக்கும். கையில் கொடுத்து வாங்கிய ஒரு கையொப்பத்துக்கு இருக்கும் பலம் விளம்பரத்துக்கு இல்லை.

யாருக்கு, எங்கே

நிறுவனம் என்றால் கட்டளை 29-இன்படி செயலாளர், இயக்குநர் அல்லது முதன்மை அலுவலரிடம், அல்லது பதிவு அலுவலகத்தில் விட்டோ அதற்குத் தபாலிலோ. கூட்டாண்மை என்றால் பங்குதாரர் ஒருவரிடம், அல்லது தலைமைத் தொழில் இடத்தில் நிர்வாகம் பார்ப்பவரிடம். சிறையில் இருப்பவருக்குச் சிறை அதிகாரி வழியாக. ராணுவத்தினருக்கு அவருடைய கட்டளை அதிகாரி வழியாக. அரசு ஊழியருக்கு, வசதியெனக் கருதினால், அலுவலகத் தலைவர் மூலம். பல பிரதிவாதிகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அண்ணனிடம் கொடுத்தது தம்பிக்கும் சேரும் என்று எண்ணாதீர்கள்.

வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்றால் அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பி அங்குள்ள அமீனா மூலம் சார்வு நடக்கும், தபாலிலும் அனுப்பலாம். மாநில மொழி வேறாக இருந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

வெளிநாட்டில் இருப்பவருக்குக் கட்டளை 5-இன் விதி 25 தபால், கூரியர், மின்னஞ்சலை அனுமதிக்கிறது. ஆனால் அந்த நாட்டில் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டி வரும் என்றால் 1965-ஆம் ஆண்டு ஹேக் சார்வு ஒப்பந்தத்தின் வழியே பாதுகாப்பானது. இந்தியா 2006-இல் சேர்ந்தது, 2007 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. இங்கே அதற்கான மத்திய அமைப்பு சட்ட அமைச்சகம். சிங்கப்பூருக்கு இந்த ஒப்பந்தம் 2023 டிசம்பர் 1 முதல் பொருந்துகிறது. இலங்கை, பிரிட்டன், அமெரிக்கா உறுப்பு நாடுகள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு இந்தியாவுக்கு 1999-இல் செய்த தனி ஒப்பந்தம் உண்டு. மாதக்கணக்கில் ஆகும், ஆகவே வாய்தா கேட்கும்போதே நீண்ட தேதியாகக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தால்

கொரோனா காலத்தில், 2020 ஜூலை 10 அன்று, உச்ச நீதிமன்றம் மின்னஞ்சலோடு வாட்ஸ்அப் போன்ற செயலிகள் வழியாகவும் சார்வு செய்ய அனுமதித்தது. இப்போதும் பல நீதிமன்றங்கள் கூடுதல் வழியாக இதை அனுமதிக்கின்றன. நீங்களாக அனுப்பிவிட்டு இரண்டு நீலக் கோடு வந்ததைச் சார்வு என்று சொல்ல முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும், அந்த எண் அவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும், திரைப்பதிவோடு பிரமாண வாக்குமூலம் வேண்டும். காவல்துறை விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ் வேறு விஷயம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குற்ற வழக்குச் சம்மனுக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பொருந்துகிறது. பழைய சட்டத்தில் ஆள் இல்லாதபோது வீட்டிலுள்ள வயதுவந்த ஆணிடம்தான் கொடுக்கலாம் என்றிருந்தது. புதிய சட்டம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. பெண்ணின் கையொப்பம் அங்கே மதிக்கப்பட இத்தனை காலம் ஆனது வருத்தம்தான்.

உங்கள் வீட்டுக்குச் சம்மன் வந்தால்

வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் வழக்கு நின்றுவிடும் என்ற நம்பிக்கை ஊர் ஊராக இருக்கிறது, அது தவறு. மறுத்தால் சார்வானதாகவே கணக்கு, கூடவே பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். கையொப்பமிடுவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளம், அவ்வளவே. கையொப்பத்தின் கீழ் தேதியையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். பிராது நகல் இல்லையென்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.

அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது பிராதுக்கான எழுத்துமூலப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் பதிவு செய்து நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண வழக்கில் இந்த 90 நாள் வழிகாட்டும் கெடுதான் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது, ஆனால் அதற்கு மேல் நீட்டிப்பு அரிதான சூழலில்தான். வணிக நீதிமன்ற வழக்கில் 120 நாள் முடிந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நுகர்வோர் ஆணையத்தில் 30 நாள், அதற்கு மேல் 15 நாள், அதோடு சரி. சார்வு நாளைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாளிலிருந்து எண்ணுங்கள். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

வாய்தா நாளில் வராமல் போனால் ஒருதலைப்பட்சமாக வைப்பார்கள். தீர்ப்பு வருவதற்குள் நல்ல காரணத்தோடு மனுப் போட்டால் கட்டளை 9, விதி 7-இன்படி மீண்டும் சேரலாம். தீர்ப்பு வந்துவிட்டால் விதி 13. சம்மன் முறையாகச் சார்வாகவில்லை, அல்லது வரமுடியாததற்குப் போதிய காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். சார்வில் சிறு பிசகு இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்லப் போதிய நேரம் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால் அந்தப் பிசகை மட்டும் வைத்துத் தீர்ப்பை ரத்து செய்யாது. பக்கத்து ஊரில் வேலையாக இருந்தேன் என்பது போன்ற காரணம் நிற்காது. மருத்துவச் சீட்டு, பயணச் சீட்டு, வீடு மாறிய ஒப்பந்தம் போல ஏதாவது ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்.

இடைக்காலத் தடை வாங்கியவருக்கு

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை உத்தரவு கிடைத்தால், மகிழ்ச்சியில் ஒரு வேலையை மறந்துவிடுகிறார்கள். கட்டளை 39, விதி 3-இன்படி மனு, பிரமாண வாக்குமூலம், பிராது, ஆவணங்கள் ஆகியவற்றின் நகலை உடனடியாக எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அனுப்பிவிட்டேன் என்ற பிரமாண வாக்குமூலத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதைக் காரணமாகச் சொல்லி எதிர்த்தரப்பு தடையை நீக்கக் கேட்கும். உத்தரவு வரும் நாளன்று நகல் கட்டுகளையும், விலாசமிட்ட உறைகளையும் தயாராகக் கொண்டுபோய், நீதிமன்றத்திலிருந்து நேராக அஞ்சலகத்துக்குப் போங்கள். ரசீதை வாங்கியதும் அதன் மேல் வழக்கு எண்ணை எழுதிக் கட்டில் சேர்த்துவிடுங்கள்.